முப்பத்தொன்றாம் எண்ணின் மூச்சு

வாயால் சொன்னால்தான் பொய் என்று யார் சொன்னது? மூச்சாலும் பொய் சொல்லலாம். தீயணைப்பு நிலையத்தில் புதிதாக ஆள் எடுத்த அன்றைக்கு ஏணியும் பீப்பாயும் அப்படியொரு பொய் சொல்லத்தான் துணிந்தார்கள்.

இரண்டுமே நிலையத்தில் வைத்த பட்டப்பெயர். ஏணி ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். வண்டியின் தலையில் கட்டியிருக்கிற ஏணியை இறக்க மற்றவர்கள் எம்புவார்கள். அவன் கையை நீட்டினால் போதும். பீப்பாய் அவன் தாடைக்குக் கீழே நிற்கிற ஆள். உயரத்தில் விட்டதை அகலத்தில் பிடித்துவிட்டான். பத்தொன்பது வருஷமாக இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே ஜோடி. புகைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் போகவேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். அப்படிப் போய்ப் போய் ஏணிக்கு ஆளைப் பிடித்துப்போய், தன் தங்கையையே அவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டான். மற்றவர்கள் ஜாதகம் பார்ப்பார்கள், ஏணி நெருப்பில் போட்டுப் பார்த்து மாப்பிள்ளை எடுத்தான் என்று நிலையத்தில் இன்றைக்கும் கேலி.

அப்பா அம்மா போனபிறகு அந்தத் தங்கையை வளர்த்தது ஏணிதான். அவனுக்குத்தான் கல்யாணம் கூடி வரவில்லை. "எங்க மச்சானுக்கு எட்டுற மாதிரி பொண்ணு கிடைக்கலை" என்பான் பீப்பாய். தங்கை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் தனியாக இருந்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மெத்தைக் கிடங்கு எரிந்தது. அதிலிருந்து பீப்பாய்க்கு இருமல். சாதாரண இருமலா அது! சாப்பாட்டின் நடுவில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் இருமுவான். கண்ணில் நீர் முட்டும். நிலையத்தில் எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள், பிறகு பார்க்காத மாதிரி இருப்பார்கள்.

இதில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. தீ எரிகிறவரை ஒருத்தனும் முகமூடியைக் கழற்ற மாட்டான். தீ அணைந்ததோ இல்லையோ, எல்லோரும் கழற்றிவிடுவார்கள். முகம் வெந்துபோயிருக்கும், தொண்டை வறண்டிருக்கும், எப்போதடா கழற்றுவோம் என்றிருக்கும். அதற்குப் பிறகுதான் கம்பியால் சாம்பலைக் கிளறி, அடியில் கனல் இருக்கிறதா என்று இரண்டு மூன்று மணி நேரம் பார்க்கவேண்டும். அதை வெறும் மூக்கோடு செய்வார்கள். தீ போனபின்தான் காற்றில் விஷம் அதிகம் என்று வகுப்பில் பத்துத் தடவை படித்தவர்கள்தான். படித்தது பரீட்சையோடு சரி. மெத்தைக் கிடங்கிலும் அப்படித்தான், அரைகுறையாக வெந்த பஞ்சின்மேல் உட்கார்ந்து ஆளுக்கொரு டீ குடித்தார்கள்.

இந்த நேரம் பார்த்து வருஷாந்திர மூச்சுச் சோதனை வந்தது.

*

சோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தங்கை ஏணியின் அறைக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணா, ஒண்ணு கேட்கறேன், மழுப்பாம சொல்லணும். அவருக்கு மூச்சு நல்லா இருக்கா?"

"அவனுக்கென்ன, பாறை மாதிரி இருக்கான். உள்ள போனா எனக்கு முன்னாடி அவன்தான் நடப்பான்."

"இருமறாரே?"

"இருமல் யாருக்குத்தான் இல்ல?"

"நீ இருமலையே" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "வண்டியிலேர்ந்து இறக்கிடுண்ணா. போன் எடுக்கற வேலையோ ஸ்டோர் வேலையோ, எதுவா இருந்தாலும் சரி. எனக்கு அவரு வேணும்."

அவன் "பார்க்கலாம்" என்றான். அண்ணன்மார்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிற பதில்.

மறுநாள் தண்ணீர் அடிக்கிற ஓஸ் குழாய்களைக் கழுவுகிற இடத்தில் பீப்பாய் அவனை ஓரமாக இழுத்தான். "மச்சான், எனக்குப் பதிலா நீ ஊதிடு."

"பைத்தியமா உனக்கு?"

"கேளு. முப்பத்தெட்டு பேர் இருக்கவேண்டிய இடத்துல இருபத்துமூணு பேர் இருக்கோம். வண்டிக்கு அஞ்சு பேர் இல்லாம கிளம்பக் கூடாது. நான் ஒருத்தன் இறங்கினா ரெண்டாவது வண்டி கொட்டகையிலேயே நிக்கும். இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ஆள் எடுக்கறாங்க. அவங்க பயிற்சி முடிச்சு வர ஆறு மாசம். ஆறே மாசம் மச்சான். அவங்க வந்ததும் நானே இறங்கிடறேன், உன் தங்கச்சி மேல சத்தியம்."

"என் தங்கச்சி மேல நீ ஏண்டா சத்தியம் பண்றே? உன் மேல பண்ணிக்கோ."

"என் மேல பண்ணினா யாரு நம்புவா?"

ஏணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் ஆபத்து. பீப்பாய் சிரிக்க வைத்தால் அவனால் மறுக்க முடியாது. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்று தவித்துக்கொண்டிருந்தவன், கடைசியில் மாப்பிள்ளை பக்கமே சாய்ந்தான். ஆறு மாதம் தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளலாம், தன் மூச்சே இரண்டு பேருக்குப் போதும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

*

ஆள் எடுப்பும் பழைய ஆட்களின் சோதனையும் ஒரே நாளில். இரண்டுக்கும் ஒரே மருத்துவ வேன் வந்தால் போதும் என்று மேலிடத்தில் முடிவு. திருட்டுக்கு இதைவிட வசதி கிடைக்குமா? நிலையத்து முற்றம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. இருநூறு பேர் ஓடுகிறார்கள், ஓஸைச் சுருட்டுகிறார்கள், மணல் அடைத்த பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளாடுகிறார்கள். எல்லோருக்கும் மார்பில் எண் எழுதிய துணி. பழைய ஆட்களுக்கும் வந்த வரிசையில் எண் கொடுத்திருந்தார்கள். பீப்பாய்க்கு முப்பத்தொன்று. ஏணிக்கு நூற்று ஏழு. வேனில் இருந்த நர்சம்மா வெளியூர். யார் முகமும் தெரியாது. எண்ணைப் பார்ப்பாள், தாளைப் பார்ப்பாள், குழாயை நீட்டுவாள்.

ஓஸ் காயப்போடுகிற கோபுரத்துக்குப் பின்னால் துணி கைமாறியது. "நல்லா இழுத்து ஊது, மானத்தை வாங்கிடாதே" என்றான் பீப்பாய்.

"பார்த்துட்டே இரு, உன் தாளைப் பார்த்து ஒலிம்பிக்குக்குக் கூப்பிடுவாங்க."

வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற பெண் வேலைக்கு வந்தவள். அவள் ஊதிய ஊதலில் பெட்டியின் கோடு மேலே பாய்ந்து நின்றது. நர்சம்மா முகம் மலர்ந்து, "இப்படி இருக்கணும்" என்றாள். அடுத்தது முப்பத்தொன்று.

ஏணி முதுகை வளைத்து உட்கார்ந்தான். நர்சம்மா தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அண்ணாந்து மறுபடியும் பார்த்தாள்.

"அஞ்சடி நாலா நீங்க?"

"உட்கார்ந்தா அவ்வளவுதாங்க வரும்."

அவளுக்கு இன்னும் நூற்றைம்பது பேருக்கு மேல் பாக்கி. வாக்குவாதம் செய்ய நேரமில்லை. "முழுசா இழுத்து, ஒரே வேகத்துல ஊதுங்க, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்றாள். குழாயைக் கவ்விக்கொண்டு ஊதினான். கோடு எழுந்தது, சரிந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் ஊதினான். அவள் "விடாதீங்க, விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விடாமல் இருக்கத்தான் பார்த்தான். மார்புக்குள் ஏதோ கதவு பாதியிலேயே சாத்திக்கொண்டது. மூன்றாவது தடவை ஊதியபோது கண் இருட்டியது.

"மெஷின் ரிப்பேருங்களா?"

"காலையிலேர்ந்து எல்லாரும் இதுலதான் ஊதறாங்க. உங்களுக்கு முன்னாடி அந்தப் பொண்ணும் இதுலதான் ஊதிச்சு." நர்சம்மாவின் குரல் மாறியிருந்தது. கோபமில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி?"

"மாடி ஏறினா நின்னு நின்னு ஏறறீங்களா? சிலிண்டர் காத்து சீக்கிரம் தீருதா?"

'இல்லை' என்று வாயெடுத்தவனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. முதுகில் மாட்டுகிற காற்று சிலிண்டர் தீரப்போகும்போது விசில் அடிக்கும். முன்பெல்லாம் இரண்டு பேர் விசிலும் சேர்ந்தாற்போல அடிக்கும். கொஞ்ச மாதமாக அவனுடையது முந்திக்கொண்டது, ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். ஒருத்தன் விசில் அடித்தால் இருவரும் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்ததும் பீப்பாய் இருமுவான்; அவனால்தான் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஏணி என்ன செய்தான்? 'வால்வு கசிகிறது' என்று சீட்டு எழுதிக் கட்டி சிலிண்டரை ஸ்டோருக்கு அனுப்பினான். ஒன்றில்லை, மூன்று சிலிண்டர். மூன்றும் 'கசிவு இல்லை' என்று திரும்பி வந்தன. அதற்காக ஸ்டோர்க்காரனோடு சண்டை வேறு போட்டான், "கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்கே?" என்று. மாடியில் மூச்சு வாங்கினால் முட்டிவலி என்றான், வயசு என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் ஊருக்குத்தான் மறைப்பான். இவன் தனக்கே மறைத்திருக்கிறான்.

நர்சம்மா முப்பத்தொன்றாம் எண்ணின் தாளில் சிவப்பு மையால் எழுதினாள்: 'பணிக்கு உள்ளே அனுப்பக் கூடாது. உடனே மருத்துவமனை.' தாளை ஓரமாக வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க, பயப்படாதீங்க" என்றாள்.

*

வேனிலிருந்து கோபுரம் எண்பது அடி. அந்த எண்பது அடிக்குள் மனுஷன் மனசு என்னவெல்லாம் கணக்குப் போடும்! எழுதியிருப்பது பீப்பாய் எண்ணில். தன் முறை இன்னும் வரவில்லை; தனக்குப் பதிலாக ஊத ஒரு நல்ல நெஞ்சு கிடைக்காமலா போகும்? மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கிவிடுவான், தங்கை கேட்டதும் நடந்துவிடும், இவன் வண்டியிலேயே இருக்கலாம். வண்டி இல்லாவிட்டால் அவனுக்கு என்ன இருக்கிறது? ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு தம்ளர். இத்தனையும் அவனாக நினைத்ததா, பயம் நினைத்ததா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

பீப்பாய் கோபுரத்து நிழலில் முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தான். "என்ன மச்சான், பெட்டி உடைஞ்சுதா?"

"ஊத விடலை மாப்ளே." நாக்கு தானாகப் பேசியது. "நீ இருமலுக்கு ஆஸ்பத்திரி போன சீட்டை யாரோ தாளோட சேர்த்து வச்சிருக்காங்க. அதைப் பார்த்தே எழுதிட்டாங்க. உள்ள போகக் கூடாதாம்."

பீப்பாயின் சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. கீழே சுருண்டு கிடந்த ஓஸின்மேல் உட்கார்ந்தான். இருமல் வந்தது, இருமி முடித்தான். முற்றத்தில் மணல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி விடு" என்றான். "நம்ம வண்டியில வேற ஒருத்தன்தான் இனி உன்கூட வருவான். அவன்கிட்ட நான் பேசறேன். உனக்கு இடது காது மந்தம், வலது தோளைத் தட்டித்தான் கூப்பிடணும்னு சொல்லிடறேன். படி இறங்கும்போது நீ பின்பக்கமாத்தான் இறங்குவே, முன்னாடி நிக்கக் கூடாது. அப்புறம் உயரம் தெரியாம நிலைவாசல்ல இடிச்சுக்குவே, கையை வச்சுத் தலையை அமுக்கணும். புகையில நீ பேசாம இருந்தா பயந்துக்க வேண்டாம், நீ எப்பவும் பேச மாட்டே. ஆனா முனகினா உடனே வெளியே இழுத்துடணும்." விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "இதெல்லாம் அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது? எழுதியே கொடுத்துடறேன்."

தன் பிழைப்பு போனதென்று கேட்ட வாயால் ஒருத்தன் பேசுகிற பேச்சா இது? ஏணியும் ஓஸின்மேல் உட்கார்ந்தான்.

"மாப்ளே, என்னைச் செருப்பால அடி."

"எதுக்கு?"

"நான் ஊதினேன். மூணு தடவை ஊதினேன். போனது உன் மூச்சு இல்ல, என் மூச்சு. உன் தலையில போட்டுட்டுத் தப்பிச்சுக்கப் பார்த்தேன்."

பீப்பாய்க்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபப்படுவான் என்று ஏணி காத்திருந்தான். அவனோ ஏணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், புகைக்குள் பிடிக்கிற மாதிரி.

"உனக்கா?" என்றான். "உனக்கா மச்சான்?" அதையே நாலைந்து தடவை கேட்டான். பிறகு ஏணியின் மார்பிலிருந்து முப்பத்தொன்றைப் பிடுங்கித் தன் மார்பில் கட்டினான். "எழுந்திரு. அந்த அம்மாகிட்ட போய் உண்மையைச் சொல்லணும்."

*

நர்சம்மா ஒரு முப்பத்தொன்றுக்கு இரண்டு ஆளைப் பார்த்ததும் கொதித்துவிட்டாள். "இருபது வயசுப் பசங்க எண்ணை மாத்திக்கிட்டு வந்தா வெளியே அனுப்பறேன். நீங்க ரெண்டு பேரும் அவங்களுக்கு மேல நிக்கவேண்டியவங்க! புகைக்குள்ள ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர்தானே தூக்கணும்? தூக்கற ஆளுக்கே மூச்சு இல்லன்னா?" திட்டி முடித்துவிட்டுக் குழாயை மாற்றி நீட்டினாள். "ஊதுங்க."

பீப்பாய் ஊதினான். நடுவில் இருமல் வந்து கெடுத்தது. மறுபடி ஊதினான். கோடு ஏறியது, ஏறி நின்றது. நர்சம்மா நெற்றியைச் சுருக்கி மூன்றாவது தடவையும் ஊதச் சொன்னாள்.

"நுரையீரல் நல்லாவே வேலை செய்யுது. இருமல் தொண்டையாலயா, வேற எதனாலயான்னு டாக்டர் பார்க்கட்டும். வேலையிலேர்ந்து நிறுத்தற அளவுக்கு இதுல ஒண்ணுமில்ல."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். இவர்கள் எண் மாற்றி ஊதியிராவிட்டால் பீப்பாய் தானாகவே தேறியிருப்பான். இருமுகிறவனையே ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருந்தவனை ஒருத்தரும் பார்க்கவில்லை. நர்சம்மா நூற்று ஏழாம் தாளை எடுத்தாள். அதில் ஆறடி இரண்டு அங்குலம் என்று எழுதியிருந்தது. உயரமான ஆளுக்கு மூச்சும் அதிகம் இருக்கவேண்டும்; ஐந்தடி நாலுக்கே பற்றாத மூச்சு, அந்த உயரத்துக்கு எங்கே போதும்? எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். தேறியவனுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. வேன் படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி விசும்பினான்.

நிலைய அதிகாரி இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்தார். கொடுத்துவிட்டு, மாலையே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மறுநாள் காலைக்கு நேரம் வாங்கியதும் அவர்தான். "ரெண்டாவது வண்டியை நான் பார்த்துக்கறேன். பக்கத்து நிலையத்துலேர்ந்து ஆள் கேட்டிருக்கேன். நீ உன் உடம்பைப் பாரு" என்றார் ஏணியிடம். இதை நாலு மாதம் முன்னால் யாராவது கேட்டிருந்தால் என்ன என்று அவருக்கும் தோன்றியிருக்கும். முகம் அப்படித்தான் இருந்தது.

*

பொழுது சாய்வதற்குள் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"நான் தேறிட்டேன்" என்றான் பீப்பாய்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூச்சு விட்டாள். "அப்புறம் ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?"

ஏணி சொன்னான். எண்ணை மாற்றிக்கொண்டது, மூன்று தடவை ஊதியது, கோபுரத்தடியில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். போய் ஸ்விட்சை அணைத்தாள். ஒயரைச் சுற்றினாள். அதுவரைக்கும்தான் அவளால் முடிந்தது.

"நாலு மாசமா நான் தூங்கலை, தெரியுமா? இவரு முதுகுல காதை வச்சுக்கிட்டே கிடந்தேன். மூச்சு சீரா வருதா, நெஞ்சு இழுக்குதா, விசில் மாதிரி கேட்குதான்னு. கேட்டுக் கேட்டு டாக்டருக்குப் படிச்ச மாதிரி ஆயிட்டேன். ரெண்டு தெரு தள்ளி நீ தனியா படுத்திருந்தியே அண்ணா. உன் முதுகுல யாரு காதை வச்சா?"

நெருப்பு, புகை, இடிந்து விழுகிற கூரை, எதற்கும் கலங்காத மனுஷன் அந்த ஒரு கேள்விக்கு உடைந்துபோனான்.

"உட்காரு" என்றாள். அவன் உயரத்துக்கு அவளால் எட்ட முடியாது. முக்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்ததும் பின்னால் மண்டியிட்டு, சட்டைமேல் காதை வைத்தாள்.

"இழுத்து விடு."

இழுத்து விட்டான். பீப்பாய்க்குத் தொண்டையில் இருமல் கிளம்பியது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"இன்னொரு தடவை. மெதுவா."

அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. தங்கை ஒரு கையால் அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், காதை எடுக்கவில்லை.

"அழாதேண்ணா" என்றாள். "அழுதா சரியா கேட்கலை."